தூரத்தில் இரண்டு

ஜன்னலோரம் மாமியார்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு குழந்தையை ஏந்திக் காலை வெயில் காட்டிக்கொண்டிருந்தார்கள். கோகிலவாணி இடது கண்ணை மூடினாள். ஒரு மாமியார் காணாமல் போனாள், கூடவே ஒரு குழந்தையும் போயிற்று. திறந்தாள். போனவர்கள் திரும்பி வந்து அதே இடத்தில் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றார்கள். நேற்று மத்தியானத்திலிருந்து இந்தக் கூத்துதான். இருக்கிற ஒரு மாமியாரே போதாதென்று இலவசமாக இன்னொன்று வேறு என்று, வேறு நாளாக இருந்தால் பக்கத்துக் கட்டில் பர்வீனிடம் சொல்லிச் சிரித்திருப்பாள். இன்றைக்கு வாயைத் திறக்க முடியாது. வயிற்றைக் கிழித்துப் பெண் குழந்தையை எடுத்து இன்றோடு ஆறாம் நாள். பேர் வெட்டி வீட்டுக்கு அனுப்புகிற நாள். அந்தக் கோடியில் முதல் கட்டிலுக்கு டாக்டர்கள் வந்துவிட்டார்கள். பதினொன்றாம் கட்டிலுக்கு, அதாவது இவளுக்கு, வந்து சேர அரை மணி நேரமாவது ஆகும். எப்படிம்மா இருக்கே என்று கேட்பார்கள். நல்லா இருக்கேனுங்க என்று சொல்ல வேண்டும். சொல்வதில் கஷ்டமில்லை. இரண்டு டாக்டரில் எந்த டாக்டரைப் பார்த்துச் சொல்வது என்பதுதான் கஷ்டம். தப்பான டாக்டரைப் பார்த்துச் சொல்லிவிட்டால் காரியம் கெட்டது.

அதனால்தான் விடிந்ததிலிருந்து எது எவ்வளவு தூரத்தில் இரண்டாகிறது என்று அளந்துகொண்டே இருக்கிறாள். சங்ககிரி ரோட்டில் லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிற கடையில் நாலு வருஷம் உட்கார்ந்தவள், எதையும் அளக்காமல் விடமாட்டாள். மாரோடு அணைத்துப் பால் கொடுக்கையில் பாப்பா ஒன்றுதான். மூக்கு ஒன்று, சுருங்கிய நெற்றி ஒன்று, எல்லாம் சரி. கட்டிலின் கால்மாட்டில் படுக்க வைத்தால் ஓரம் கலங்கிப் பாதி பிரிகிறது. ஜன்னல்வரை போனால் சுத்தமாக இரண்டு. வலப்பக்கம் திரும்பிப் பார்த்தால் கொஞ்சம் ஒட்டி வருகிறது, இடப்பக்கம் போனால் இன்னும் விலகுகிறது. கிட்ட வந்தால் ஒன்று, தூரப் போனால் இரண்டு. ஒரு கண்ணை மூடிக்கொண்டால் உலகம் ஒழுங்காக இருக்கிறது, ஆனால் எந்நேரமும் கண்ணடித்துக்கொண்டிருந்தால் வார்டு சும்மா விடுமா. அதற்கும் வழி கண்டுபிடித்திருந்தாள். பச்சை உடம்புக்காரிக்குத் தலையில் துண்டு கட்டியிருந்தது. அதை இடது புருவத்துக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். யாராவது கேட்டால் ஜன்னல் வெளிச்சம் கூசுது என்று சொல்லிக்கொள்ளலாம். பொய்யும் இல்லை. கூசத்தான் செய்கிறது. எழுந்து உட்கார்ந்தால் போதும், பிடரியிலிருந்து யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி, மண்டைக்குள் இருக்கிறதெல்லாம் கீழே இறங்கித் தொங்குகிற மாதிரி ஒரு வலி. படுத்தால் ஐந்து நிமிஷத்தில் அடங்கிவிடும். இரண்டாம் நாளே ஆரம்பித்த வலி. அப்போதே சிஸ்டர் கேட்டாள், தலை வலிக்குதா என்று. இல்லைங்க என்று சொல்லிவிட்டாள். ஏன் சொன்னாள்? முந்தின நாள்தான் எட்டாம் கட்டில் பெண் தலைவலி என்று வாயைத் திறந்து, அவளுக்கு மட்டும் பேர் வெட்டாமல் நிறுத்தி வைத்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. ஒருமுறை இல்லை என்று சொல்லிவிட்டால் மறுநாளும் இல்லை என்றுதான் சொல்லியாக வேண்டும்.

தலைவலியைக்கூடச் சொல்லிவிடலாம். இதை எப்படிச் சொல்வது? ஒன்று இரண்டாகத் தெரிகிறது என்று பிள்ளை பெற்றவள் சொன்னால் அதற்கு ஊரில் ஒரே பேர்தான். ஜன்னி. இவள் ஏழாவது படிக்கும்போது பின்வீட்டு வளர்மதிக்கு அப்படித்தான் ஆயிற்று. பிள்ளை பெற்ற ஒன்பதாம் நாள், வீட்டில் ரெண்டு விளக்கு எரியுது, எதுக்கு ரெண்டு விளக்கு, ஒண்ணை அணைங்க என்று சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள். எரிந்தது ஒரு விளக்கு. அன்றைக்குச் சாயங்காலமே வேப்பிலையும் ஆளுமாக வீடு நிறைந்துவிட்டது. ஜன்னி கண்டவள் பிள்ளையை அமுக்கிக் கொன்றுவிடுவாள் என்று கைக்குழந்தையைத் தூக்கிப் போய் வளர்மதியின் ஓரகத்தி வீட்டில் விட்டார்கள். பத்து நாளைக்கு என்றுதான் பேச்சு. மூன்று வருஷம் ஆயிற்று. திரும்பி வந்த பையன் ஓரகத்தியின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்று, யாரும்மா இவங்க என்று கேட்டானாம். வளர்மதி இப்போதும் இருக்கிறாள், நன்றாகத்தான் இருக்கிறாள், ஆடு மேய்க்கிறாள், நோம்பிக்குப் பூ வைத்துக்கொண்டு வருகிறாள். அவளுக்கு ஜன்னியா வேறு ஏதாவதா என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. அவளும் தலைவலிக்குது, தலைவலிக்குது என்று சொல்லிக்கொண்டிருந்தாளே. அவளுக்கும் டவுன் ஆஸ்பத்திரியில் கிழித்துத்தானே எடுத்தார்கள். கோகிலவாணிக்கு இது இப்போதுதான் உறைத்தது. 

மூன்றாம் கட்டிலுக்கு வந்துவிட்டார்கள். ஆக, யாருக்கும் தெரியக் கூடாது, முக்கியமாக ஜன்னலோரம் நிற்கிற அந்த மாமியாருக்கு. பாவாயி கெட்டவள் என்று சொல்ல முடியாது. ஆனால் பாருங்கள், டாக்டரம்மா நிறையத் தண்ணி குடி என்கிறாள், மாமியார் ஒரு நாளைக்கு மூன்று டம்ளருக்கு மேல் கண்ணில் காட்டுவதில்லை. அதுவும் சுக்குத் தட்டிப் போட்ட சுடுதண்ணி. "மோந்து மோந்து குடிச்சா கிழிச்ச புண்ணு சீழ் வெச்சுக்கும் அம்மிணி, பொறுத்துக்கோ" என்கிறாள். பாட்டிலை எங்கே ஒளித்து வைக்கிறாளோ தெரியவில்லை. சித்த நேரம் படுத்தால் "எந்திரிச்சு சாஞ்சு உக்காரு, மல்லாந்தே கெடந்தா வாயு ஏறிப்போவும்" என்று தூக்கி உட்கார வைக்கிறாள். உட்கார்ந்தால் மண்டை இழுக்கிறது. காதில் பஞ்சு வைத்துவிட்டிருக்கிறாள், காத்து புகுந்துவிடுமாம். எல்லாம் பிள்ளை பெற்றவளுக்குச் செய்கிற பக்குவம்தான் என்று முதல் மூன்று நாள் நினைத்திருந்தாள். மூன்றாம் நாள் ரத்னா அண்ணி வந்தாள். பாவாயியின் மகள், இவளுக்கு நாத்தனார். திருச்செங்கோட்டில் கட்டிக்கொடுத்து ஒன்பது வருஷம், பிள்ளை இல்லை. வந்தவள் ஆறு கவுன் வாங்கி வந்திருந்தாள். ஒன்று வாங்கலாம், இரண்டு வாங்கலாம். ஆறு எதற்கு? அதிலும் இரண்டு, ஒரு வயசுக் குழந்தைக்கான அளவு. ஒரு வயசு வரைக்கும் இப்போதே யோசித்து வைத்திருக்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? மடியில் வைத்தவள் இரண்டு மணி நேரம் கீழே விடவில்லை. "என்னையப் பாத்துத்தாம்மா சிரிக்குது" என்றாள். மூன்றாம் நாள் குழந்தை யாரைப் பார்த்து என்ன சிரிக்கும்? அன்றையிலிருந்துதான் இந்தக் கிசுகிசு. பாவாயி யாரிடம் பேசினாலும் குரலை அமுக்கிக்கொண்டு பேசுகிறாள். சிஸ்டரிடம், பர்வீனின் பெரியம்மாவிடம், போனில் மகளிடம். வாய் அசைகிறது, சத்தம் வருவதில்லை. பேசிவிட்டு இவளைத் திரும்பிப் பார்க்கிறாள். நேற்றிரவு போனில் பேசியதில் நாலே வார்த்தைதான் காதில் விழுந்தது: ரத்னா, புள்ள, கூட்டிட்டு, இவளுக்கு. நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு மீதியைத் தைத்துக்கொள்ளத் தெரியாதா இவளுக்கு?

சிஸ்டர் எமல்டாவும் அதே கட்சி. சார்ட்டில் ஏதோ எழுதுகிறாள், உதட்டுக்குள் பேசிக்கொண்டு போகிறாள். அந்த ஊசி விஷயத்தை மறைக்கிறார்கள், வேறென்ன. ஆபரேஷனுக்கு முன்னால் முதுகுத்தண்டில் போடுகிற மரத்துப்போகிற ஊசி, எல்லாருக்கும் ஒன்று, இவளுக்கு மூன்று. மேசைமேல் உட்கார வைத்து, தலையணையைக் கட்டிக்கோம்மா, பூனை மாதிரி முதுகை வளை என்றார்கள். இந்த வயிற்றை வைத்துக்கொண்டு எந்தப் பூனை வளையும் என்று கேட்டாள், எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். முதல் குத்து எலும்பில் போய் நின்றது. நங்கென்று பல்வரைக்கும் கேட்டது. பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல், சாரிம்மா என்றது. பெரிய குரல் ஒன்று, வெளிய எடு, ஒரு எலும்பு விட்டுக் கீழே பாரு என்றது. இரண்டாவது போனபோது வலது காலில் மின்னல் வெட்டியது. "டாக்டர், நானும் ஊசிக்காரிதானுங்க, ஒரே ஓட்டையில போட்டுருங்க" என்று அப்போதும் தமாஷ்தான் பண்ணினாள். மூன்றாவதில்தான் இடுப்புக்குக் கீழே இளஞ்சூடாக எதுவோ பரவி, கால் இரண்டையும் யாரோ கழற்றி அந்தப் பக்கம் வைத்துவிட்ட மாதிரி ஆயிற்று. சின்னக் குரல் கத்துக்குட்டி. இவள் முதுகில் பழகியிருக்கிறது. தார்ப்பாயில் ஊசியைத் தப்பாக இறக்கிவிட்டால் உருவி எடுத்துவிடலாம், ஓட்டை போகாது. அந்த ஓட்டையில்தான் மழை இறங்கும். அதற்காகத்தான் தையல் தடம் முழுக்க மெழுகு தேய்ப்பார்கள். இவள் முதுகில் யார் மெழுகு தேய்த்தார்கள்? அங்கே ஏதோ கெட்டுப்போயிருக்கிறது, அது அவர்களுக்குத் தெரியும், தெரிந்துகொண்டுதான் வாயை மூடிக்கொண்டு எழுதுகிறார்கள். பாவாயிக்கும் சொல்லியிருப்பார்கள். உம்மருமவ இனி இப்படித்தான், புள்ளையை வேற இடத்துல பாத்துக்கோ என்று. அதுதான் கிசுகிசு. அதுதான் ஆறு கவுன்.

எங்கெங்கோ கிடந்த துண்டெல்லாம் கச்சிதமாகப் பொருந்திவிட்டதில் ஒரு திருப்திகூட வந்தது. ஏழாம் கட்டிலைத் தாண்டிவிட்டார்கள். ஜன்னலோரத்து மாமியார்கள் இருவரும் பர்வீனின் பெரியம்மாக்கள் இருவரிடம் தலையைச் சாய்த்து எதுவோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்தமுறை விடுவதில்லை என்று, தலையைச் சொறிகிற பாவனையில் துண்டுக்குள் கையைவிட்டு, வலது காதுப் பஞ்சை உருவினாள். இடது காதையும் உருவினாள். இப்போது பேசுங்கடி பார்க்கலாம். காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தாள். வாய்கள் அசைந்தன. சத்தம் வரவில்லை. பஞ்சு எடுத்ததற்கும் எடுக்காததற்கும் வித்தியாசமே இல்லை, உள்ளுக்குள் கொய்ங்ங் என்று ஒரு வண்டு மட்டும். அப்போதுதான் பர்வீனின் கட்டிலிலிருந்து எவர்சில்வர் கூஜா நழுவி விழுந்தது. விழுவதைப் பார்த்தாள். இரண்டு கூஜா விழுந்தன. வார்டே துள்ளியது. நாலைந்து குழந்தைகள் ஒரே சமயத்தில் வாயைத் திறந்தன. சிஸ்டர் திரும்பி முறைத்தாள். ஜன்னலோரம் பாப்பா இரு கையையும் விரித்துத் தூக்கிப்போட்டது. கோகிலவாணிக்கு மட்டும் அது பக்கத்து வீதியில் யாரோ தட்டைக் கீழே வைத்த மாதிரி டொக் என்று கேட்டது. "ஏன்டி தார்ப்பாய், என்ன இப்படி முழிக்கிறே? உனக்குத் தூக்கிப் போடலை?" என்றாள் பர்வீன், உதடு அசைந்ததைப் பார்த்துப் புரிந்தது பாதி, காதில் விழுந்தது பாதி. "ஏன் எல்லாரும் மெல்லப் பேசறீங்க?" என்று இவள் கேட்டாள். பர்வீன் கட்டிலைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். "நானா? நான் மெல்லப் பேசறேனா? எம்புருஷன் கேட்டான்னா கடாவெட்டுவான். நீதான்டி ரெண்டு நாளா காது கேக்காதவ மாதிரி கத்திக் கத்திப் பேசறே. உன் மாமியா காலையில ஆயாகிட்டப் போட்ட சத்தம் கேட்டு எம்புள்ள எந்திரிச்சிருச்சு."

யாரும் கிசுகிசுக்கவில்லை. அது ஒன்று. அப்படியானால் நேற்று போனில் வந்த நாலு வார்த்தை நாலு வார்த்தை இல்லை, நாற்பது வார்த்தை. நடுவில் விட்டதை எல்லாம் இவள் தைத்திருக்கிறாள். கண் பொய் சொல்கிறது என்று தெரியும், துண்டை இழுத்துவிட்டு அதைச் சமாளித்துவிட்டாள். காதும் பொய் சொல்லியிருக்கிறது, அது தெரியாமல் அதை நம்பி ஒரு வழக்கே கட்டிவிட்டாள். இனி எதை நம்புவது? இந்த மாதிரி யோசிக்கிறதே, இந்தப் புத்தி, இதுமட்டும் சரியாக இருக்கிறது என்று யார் சொன்னது? வளர்மதியும் இப்படித்தான் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்திருப்பாளோ? ஒருவேளை ஜன்னி என்றால் இதுதானோ?  வீட்டுக்குப் போய்விட்டால் சரியாகிவிடும், பாப்பாவை இடுப்பிலேயே வைத்துக்கொண்டால் அது ஒன்றாகவே இருக்கும், தூரம் என்பதே இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று மனசு மறுபடியும் வளைந்து வளைந்து அங்கேயே வந்து நின்றது. ஒன்பதாம் கட்டில். பாவாயிகள் ஜன்னலைவிட்டுக் கிளம்பினார்கள். "பாப்பாளுக்குப் பசி வந்துருச்சு, இந்தா" என்ற மாதிரி வாய் அசைய, கட்டிலின் இடப்பக்கமாக வந்து நின்று குழந்தையை நீட்டினார்கள். இடப்பக்கம். எழுந்து உட்கார்ந்ததில் துண்டு மேலே ஏறிவிட்டிருந்ததை இவள் கவனிக்கவில்லை. இரண்டு குழந்தைகள் அந்தரத்தில் நீண்டன, இரண்டும் அதே மஞ்சள் துணியில், இரண்டும் அதே மாதிரி வாயைக் கோணிக்கொண்டு. எது? அருகில் இருப்பதுதான் என்று கையை நீட்டிச் சேர்த்தாள்.

கைக்குள் ஒன்றும் இல்லை. காற்று. வாங்கிக்கொள்வாள் என்று பிடியைத் தளர்த்தியிருந்த பாவாயி, ஐயோ என்றாளோ சாமி என்றாளோ, சரிந்த தலையை முழங்கையால் அணைத்து நெஞ்சோடு வாரிக்கொண்டாள். ஒரு சாண் இருக்கும். ஒரு சாண் சரிந்தது பாப்பாவின் தலை. கீழே சிமெண்டுத் தரை. கோகிலவாணியின் இரண்டு கையும் இன்னும் அந்த இல்லாத குழந்தையை ஏந்தியபடியே நின்றன, அவற்றை மடக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. பாவாயி அந்தக் கைகளைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். பிறகு, ஒன்றும் நடக்காத மாதிரி, சேலைத் தலைப்பை இழுத்துக் குழந்தையை மூடிக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தாள். தெரிந்துவிட்டது. அவ்வளவுதான், தெரிந்துவிட்டது. டாக்டர்கள் பதினொன்றுக்கு வந்து நின்றார்கள். பெரிய டாக்டரம்மா தையலைப் பார்த்தாள், நல்லா ஆறியிருக்கு என்றாள். அவளுக்குப் பின்னாலிருந்து பச்சைத் தொப்பிக்காரர் ஒருவர் கால்மாட்டுக்கு வந்தார். "நான் மயக்க டாக்டர். உனக்கு ஊசி போட்டது நான்தாம்மா. தலைவலி, கண்ணு மங்கறது, காது அடைக்கிறது, ஏதாவது இருக்கா?" அந்தச் சின்னக் குரல். கேட்பதற்காகக் கொஞ்சம் முன்னால் சாய்ந்தாள். சொல்லப்போகிறாள், பாவாயி இப்போது சொல்லப்போகிறாள், பாத்தீங்களா சாமி புள்ளையைக் கீழ போடப் பாத்தா என்று. பாவாயி வாயைத் திறந்தாள். "ஒண்ணுமில்லீங்க சாமி. நல்லாத்தான் இருக்கறா. பேரு வெட்டிக் குடுத்துருங்க, நாங்க போயிக்கறோம்." ஊருக்கே கேட்கிற குரலில்தான் சொல்லியிருக்க வேண்டும், இவள் காதிலேயே தெளிவாக விழுந்ததே.

ஏன் மறைக்கிறாள்? சந்தேகம் பழக்கதோஷத்தில் மறுபடியும் ஊசியில் நூலைக் கோக்கப் பார்த்தது. வீட்டுக்குக் கொண்டுபோய் வேப்பிலை அடிக்கவா? திருச்செங்கோட்டுக்குக் குழந்தையை அனுப்பவா? தெரியவில்லை. எது தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் கைக்குள் ஒன்றும் இல்லாமல் இருந்த அந்த ஒரு கணம் மட்டும் தெரிந்தது. அது யார் சொல்லிக் கேட்டதும் இல்லை, தைத்துச் சேர்த்ததும் இல்லை. டாக்டர் போகவில்லை. இவள் தலையைப் பார்த்தார், ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்த தலையை. விரல்களை உயர்த்தினார். "இது எத்தனைன்னு சொல்லும்மா." இடது கண்ணை மூடிப் பார்த்தாள், இரண்டு. விடை கையில் இருந்தது. இரண்டு என்று சொன்னால் பேர் வெட்டிவிடுவார்கள், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாப்பாவோடு போய்விடலாம், இறங்கும்போது படி இரண்டாகத் தெரியும், எந்தப் படியில் கால் வைப்பது. துண்டைத் தலையிலிருந்து உருவிக் கீழே போட்டாள். இரண்டு கண்ணையும் நன்றாகத் திறந்தாள்.

"நாலுங்க."

யாரும் அலறவில்லை. சின்னக் குரல்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எப்ப இருந்து?" "நேத்து மத்தியானத்துல இருந்துங்க. தலைவலி ரெண்டாம் நாள்ல இருந்து. காதும் சரியாக் கேக்க மாட்டேங்குது." "உக்காந்தா வலி, படுத்தா இல்லை. அப்படித்தானே?" தலையாட்டினாள். முதுகுத்தண்டுக்குள்ளே மூளைவரைக்கும் தண்ணி நிற்கும், ஊசி போன ஓட்டையில் அது கசிகிறது, தண்ணி குறைந்தால் மூளை லேசாகக் கீழே இறங்கிக் கண்ணுக்குப் போகிற நரம்பை இழுக்கும், காதையும் அடைக்கும், இது அபூர்வம், ஆயிரத்தில் ஒருத்தருக்குக்கூட வராது, ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுவோம், பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார். மூன்று குத்துக் குத்தியதையும் அவரே சொன்னார், தலையைக் குனிந்துகொண்டு. கசிவு நிற்காவிட்டால் அவள் ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து அந்த இடத்தில் விடுவார்களாம், அது உறைந்து அடைத்துக்கொள்ளுமாம். "மெழுகு மாதிரிங்களா?" என்றாள் கோகிலவாணி. அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் ஆமாம் என்றார். "தண்ணி எவ்வளவு குடிக்கிறே?" கோகிலவாணி மாமியாரின் பக்கம் திரும்பினாள்.  பாவாயி சுக்குத்தண்ணி டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றாள், இரண்டு பாவாயிகளும் இரண்டு டம்ளர்களைப் பார்த்துக்கொண்டு. பிறகு டாக்டரிடம் கேட்டாள், கழுத்து நரம்பு புடைக்க, அடிவயிற்றிலிருந்து: "அப்ப இது ஜன்னி இல்லீங்களா சாமி? நேத்து இவ தண்ணி வாங்கையில டம்ளருக்கு ஒரு சாண் தள்ளிப் புடிச்சதுமே எனக்கு ஈரக்கொலை நடுங்கிப்போச்சுங்க. வெளிய தெரிஞ்சா புள்ளையப் பிரிச்சுப்புடுவாங்கன்னு ராத்திரியெல்லாம் தூங்கலீங்க. புள்ளைய இவகிட்ட இருந்து பிரிக்க மாட்டீங்கல்ல?"

பிரிக்க மாட்டோம்மா, பக்கத்திலேயே படுக்கட்டும் என்றார் அவர். கோகிலவாணி மல்லாந்து படுத்தாள். மண்டைக்குள் தொங்கிக்கொண்டிருந்தது மெல்ல மெல்ல மேலேறித் தன் இடத்தில் போய் அமர்ந்தது. ரத்னா அண்ணியின் ஆறு கவுன் மட்டும் இன்னும் விளங்கவில்லை, அந்த ஒரு வயசுக் கவுன் இரண்டும். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், கேட்டேவிடலாம், கத்தித்தான் கேட்க வேண்டியிருக்கும். பாவாயி அலமாரிக்கு அடியில் கையைவிட்டுத் தண்ணி பாட்டிலை வெளியே எடுத்தாள். பாட்டிலும் குழந்தையுமாகக் கட்டிலைச் சுற்றிக்கொண்டு, இந்தமுறை வலப்பக்கமாக வந்தாள். கால்மாட்டில் வருகையில் இரண்டு பேராகத்தான் வந்தாள். நடுக்கட்டிலுக்கு வந்தபோது இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். தலைமாட்டுக்கு வந்து குனிந்தபோது ஒரே பாவாயி, நெற்றியில் வியர்வையோடு, ஒரே பாப்பாவைப் பக்கத்தில் கிடத்தினாள்.